அம்மா மலையில், பிள்ளை அடிவாரத்தில்

ஏலச் செடி இரண்டு ஆள் உயரத்துக்கு வளரும். தட்டைகள் நெருங்கி நிற்க, நீண்ட இலைகள் தலைக்கு மேல் வளைந்து கிடக்கும். ஆனால் பூவும் காயும் அந்த உயரத்தில் இல்லை. தட்டையின் அடியிலிருந்து கிளம்பும் சரம் தரையை ஒட்டி நீள்கிறது. வெள்ளை இதழில் ஊதா வரி ஓடிய பூ அதில்தான் மலர்கிறது. ஒரே நாளில் வாடிவிடும் பூ அது. அதற்குள் தேனீ வந்து போனால்தான் காய் பிடிக்கும். காயெடுக்கும் பெண்கள் பொழுதெல்லாம் குனிந்தும் குந்தியும் கிடப்பது இதனால்தான். மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்தச் சிரமம் கிடையாது. உட்கார்ந்தால் சரம் அதன் முகத்துக்கு நேரே இருக்கும். பெரியவர்கள் முழங்கால் வலியோடு பார்க்க வேண்டியதை அது விளையாட்டுப்போக்கில் பார்த்துவிடும்.

ஆனால் அந்தப் பிள்ளை பெரும்பாலும் அங்கே இல்லை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலிருந்து விடிவதற்கு முன்பே ஜீப்புகள் போடிமெட்டு ஏறத் தொடங்கிவிடுகின்றன. பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் களையெடுக்கவும் காயெடுக்கவும் ஆயிரக்கணக்கான பெண்கள் தினமும் போய், பொழுது சாயும் நேரத்தில் இறங்குகிறார்கள். பிள்ளை பாட்டியிடமோ பக்கத்து வீட்டிலோ அங்கன்வாடியிலோ இருக்கும். தாய் பகலெல்லாம் பலா, சந்தன வேம்பு, முள்ளுமுருங்கை நிழலில் நிற்கிறாள். பிள்ளை சிமெண்டுத் தெருவில், கைபேசித் திரைக்கு முன்னால். மலையும் ஊரும் கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனாலும் மலையடிவாரத்தில் பிறந்து, காட்டை ஜன்னல் வழியாக மட்டும் பார்த்து வளரும் ஒரு தலைமுறை இங்கே உருவாகிவிட்டது.

சட்டம் இதை ஒரு காலத்தில் வேறு மாதிரி நினைத்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 1981இல் வந்த திருத்தம் பெண் தொழிலாளர்களின் பிள்ளைகள் 20 பேர் இருந்தாலே போதும் என்று வரம்பை இறக்கியது. ஏலத்தோட்டங்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. இலங்கை மலையகத்தில் ‘பிள்ளை மடுவம்’ என்று அழைக்கும் ஏற்பாடு இதுதான். ஆனால் சட்டத்தின் கணக்கில் தொழிலாளி தோட்டத்திலேயே லயத்து வரிசை வீட்டில் குடியிருப்பவர். அடிவாரத்திலிருந்து ஜீப்பில் வந்து போகும் தாய்க்கு அந்தக் காப்பகம் உதவாது. நெருக்கியடித்து ஏறும் ஜீப்பில் கைக்குழந்தையை ஏற்ற யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. ஆக, பிள்ளையைக் காட்டிலிருந்து பிரித்தது எந்தக் கெட்ட எண்ணமும் அல்ல. வேலையின் வடிவம் மாறியது. அதோடு குழந்தைப் பருவத்தின் இடமும் மாறியது.

அந்தப் பிள்ளையை மறுபடி காட்டோடு சேர்க்க, சிறு பிள்ளைகளுக்கான வனக் கல்வி என்று சொன்னதும் நம் படித்தவர்களின் நினைவு நேராக டென்மார்க்குக்கும் ஜெர்மனிக்கும் போகிறது. 1950களில் எல்லா ஃப்ளாட்டாவ் என்ற டேனிஷ் பெண்மணி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைத் தினமும் காட்டுக்குள் கூட்டிச் சென்றதும், சுவீடனில் 1957இல் யோஸ்டா ஃப்ரோம் ‘ஸ்கோக்ஸ்முல்லே’ என்ற காட்டுக் கதாபாத்திரத்தை உருவாக்கிப் பிள்ளைகளை மரங்களுக்கிடையே இழுத்ததும், 1993இல் ஜெர்மனியின் ஃப்ளென்ஸ்பர்க் நகரில் அரசு அங்கீகாரத்தோடு வனப் பாலர் பள்ளி தொடங்கியதும் அந்த வரலாற்றின் மைல்கற்கள். இன்று ஜெர்மனியில் மட்டும் அப்படி ஆயிரத்துக்கு மேல் இயங்குகின்றன. அவர்களிடம் கற்க நிறைய உண்டு. ஆனால் போடி மலைக்கு அதை இறக்குமதிச் சரக்காகக் கொண்டுவர வேண்டியதில்லை. இந்த மலைத்தொடரிலேயே இதற்கு இரண்டு முன்னோடிகள் இருக்கின்றன. ஒன்று எழுத்துக்கு வந்தே அறுபது ஆண்டுகள் ஆகின்றன. இன்னொன்று உலகப் புகழ் பெற்றது. இரண்டையும் நாம் கல்விக் கணக்கில் சேர்க்கவில்லை.

முதலாவது பளியர்களின் பிள்ளை வளர்ப்பு. பழனி மலை, வருசநாட்டு மலை, கம்பம் பள்ளத்தாக்கின் ஓரங்கள் என்று பரவி வாழும் இந்த மக்களோடு அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் 1960களின் தொடக்கத்தில் தங்கி ஆய்வு செய்தார். 1966இல் வெளிவந்த அவருடைய கட்டுரை வேட்டை-சேகரிப்புச் சமூகங்கள் பற்றிய படிப்பில் இன்றும் பேசப்படுகிறது. அவர் கண்டவற்றில் கல்விக்கு நெருக்கமானவை இரண்டு. பளியர் சமூகத்தில் ஒருவர் இன்னொருவரை ஏவுவதில்லை; அந்த மரியாதை பிள்ளைகளுக்கும் உண்டு. அறிவு என்பதும் மூத்தவர் சொல்லி இளையவர் ஒப்பிக்கும் பாடமாக இல்லை. அவரவர் பார்த்து, தொட்டு, தவறிப் பட்டறிந்ததுதான் அவரவர் அறிவு. அதனால் ஒரே செடியைப் பற்றி இருவர் இரண்டு விதமாகச் சொல்வது அங்கே குறையாகத் தெரியவில்லை.

இதைப் படிக்கும்போது எனக்கு ஒரு விஷயம் உறைக்கிறது. கேள்வி கேட்கும் பிள்ளை, தானே முடிவெடுக்கும் பிள்ளை, குழுவாக வேலை செய்யும் பிள்ளை என்று இன்றைய கல்வி ஆவணங்கள் எதை இலக்காக எழுதுகின்றனவோ, அதற்குப் பக்கத்தில் போன ஒரு வளர்ப்பு முறை நம் மாவட்டத்திலேயே இருந்தது. அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்து, எல்லோரையும் போல வரிசையில் உட்காரவைத்து, ‘பின்தங்கியவர்கள்’ என்று பதிவேட்டில் எழுதினோம். போடிக்கு மேற்கே குரங்கணிப் பக்கம் முதுவாக்குடியில் வாழும் முதுவர் பழங்குடியினரின் கதையும் இதற்கு வெகுதூரமில்லை. முதுவப் பெண்கள் பிள்ளையைத் துணியில் முதுகோடு கட்டிக்கொண்டே காட்டு வேலை பார்ப்பார்கள். அந்த முதுகுதான் பிள்ளையின் முதல் வகுப்பறை. அங்கிருந்து பார்த்தால் தாயின் கை எந்தக் கீரையைக் கிள்ளுகிறது, எதைத் தொடாமல் தாண்டுகிறது என்பது தெரியும்.

இதில் பழம்பெருமை பேச எனக்கு விருப்பமில்லை. பசியும் காய்ச்சலும் பிரசவ மரணமும் அந்தக் காட்டு வாழ்க்கையோடு சேர்ந்தே இருந்தன. மலைக்குடியிருப்புப் பிள்ளைக்கு எழுத்தும் கணக்கும் மருத்துவரும் வேண்டும். சொல்ல வருவது இவ்வளவுதான்: அவற்றைக் கொடுப்பதற்காகக் காட்டறிவைப் பறிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது முன்னோடி இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி. 1939இன் இறுதியில், பிரம்மஞான சபையின் அழைப்பின் பேரில், 69 வயதில் சென்னை அடையாறுக்கு வந்தார். அடுத்த ஆண்டு ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசுக்கு அவர் எதிரி நாட்டவராகிவிட்டார். மகன் மரியோவைத் தடுப்புமுகாமில் வைத்தார்கள். தாயின் 70ஆம் பிறந்தநாளையொட்டி விடுவித்தார்கள். 1942இல் இருவரும் கோடைக்கானலுக்குப் போனார்கள். போடியிலிருந்து பார்த்தால் வடகிழக்கே தெரியும் அதே பழனி மலைத்தொடர். அங்கே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், பல வயதுப் பிள்ளைகள் கலந்து படித்த ஒரு சிறு பள்ளியை நடத்தினார்கள். அதுவரை மாண்டிசோரி என்றால் மெருகேற்றிய மரப்பொருள்களும் ஒழுங்கான அறையும்தான். கோடைக்கானலில் பிள்ளைகள் மலைச்சரிவிலிருந்து கொண்டுவந்த செடியும் பூச்சியும் பாடத்தின் தொடக்கமாயின. மண், நீர், செடி, விலங்கு, மனிதன் எல்லாம் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைப் பிள்ளைக்குக் காட்டும் அவருடைய ‘பிரபஞ்சக் கல்வி’ உருப்பெற்றது அங்கேதான். அதை விளக்கும் அவருடைய நூல் 1948இல் அடையாறு கலாக்ஷேத்ரா வெளியீடாக வந்தது.

உலகெங்கும் ஆயிரக்கணக்கான பள்ளிகள் பின்பற்றும் ஒரு சிந்தனையின் பாதி நம் சோலைக்காட்டு ஓரத்தில் பிறந்தது. தமிழ்நாட்டு நகரங்களில் மாண்டிசோரி என்ற பெயரோடு நடக்கும் பள்ளிகள் பலவற்றில் மரப்பொருள்கள் இருக்கின்றன, கட்டணம் இருக்கிறது, கோடைக்கானல் இல்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அந்தப் பாதியை எடுத்துக்கொண்டவர்கள் வேறு இடங்களில், பெரும்பாலும் அந்தப் பெயர் இல்லாமல், வேலை செய்கிறார்கள். கோவை மாவட்டம் ஆனைகட்டியில் 2007 முதல் பழங்குடிப் பிள்ளைகளுக்காக நடக்கும் வித்யா வனம், திருவண்ணாமலையில் மலைக் காடு வளர்ப்போடு சேர்ந்தே வளர்ந்த மருதம் பண்ணைப் பள்ளி ஆகிய இரண்டையும் கட்டாயம் சொல்ல வேண்டும். தேனி மாவட்டத்தில் அப்படி ஒன்று அரசுப் பள்ளியாக, அங்கன்வாடியாக வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

காட்டில் விளையாடுவதால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? இங்கே மிகைப்படுத்துபவர்கள் அதிகம். வனப் பாலர் பள்ளிகளைப் பற்றிய ஆய்வுகள் பலவும் சிறியவை. விரும்பிச் சேர்க்கும் பெற்றோரின் பிள்ளைகளை மட்டுமே பார்த்தவை. அவற்றை வைத்துப் பெரிய முடிவு சொல்ல முடியாது. உறுதியாக நிற்கும் இரண்டை மட்டும் சொல்கிறேன். சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே வகுப்பு வைத்தார்கள். மூன்று ஆண்டுக்குப் பின் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதம், மற்ற பள்ளிகளில் 39.5 சதவீதம். 2015இல் வெளியான இந்த முடிவுக்குக் காரணம் வெளியின் வெளிச்சம் என்று கருதுகிறார்கள். இன்னொன்று பின்லாந்தில். 3 முதல் 5 வயது வரையிலான 75 பிள்ளைகளில் ஒரு பகுதியினரின் காப்பக முற்றத்தில் காட்டுத் தரையையே பெயர்த்துக் கொண்டுவந்து பரப்பினார்கள். 28 நாள் அதில் விளையாடிய பிள்ளைகளின் தோலில் நுண்ணுயிர் வகைகள் கூடின, நோயெதிர்ப்பைச் சீராக்கும் அணுக்களிலும் மாற்றம் தெரிந்தது. பின்லாந்துக்காரர்கள் லாரி வைத்துக் கொண்டுவந்த அந்த மண் போடியின் கொல்லைப்புறத்தில் காசில்லாமல் கிடக்கிறது.

ஆய்வுக்கு எட்டாத நன்மையும் உண்டு. கையில் கிடைத்ததைக் கொண்டு விளையாட்டை உண்டாக்குவது அது. அளவான ஊஞ்சலும் சறுக்கும் உள்ள பூங்காவில் பிள்ளை செய்யக்கூடியது ஏற்கெனவே முடிவாகிவிட்டது. குச்சி, கல், இலை, ஓடு கிடக்கும் இடத்தில்தான் பிள்ளை படைக்கும் என்று ஆங்கிலேயக் கலைஞர் சைமன் நிக்கல்சன் 1971இல் எழுதினார். நம் பிள்ளைகளின் கூட்டாஞ்சோறு விளையாட்டு அதுவேதான். மண் சோறு, உண்ணிப்பூக் குழம்பு, தேக்கிலைத் தட்டு; பரிமாறும்போது யாருக்கு முதலில் என்ற சண்டை, அதைத் தீர்க்க ஒரு பெரிய மனுஷி. பங்குனி, சித்திரையில் போடிப் பக்கத்து இலவ மரங்களில் காய் வெடித்துப் பஞ்சு பறக்கும்போது பிள்ளைகள் அதைத் துரத்துவதைப் பார்த்திருப்பீர்கள். பஞ்சுக்குள்ளே ஒரு கறுப்பு விதை இருக்கும். காற்று எதற்காக அதைத் தூக்கிப் போகிறது என்ற கேள்வி அந்த ஓட்டத்தின் நடுவே தானாக வரும். வந்தபின் பதில் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

இனி ஆபத்து. இதைப் பேசாமல் பிள்ளைகளைக் காட்டுக்கு அழைப்பது பொறுப்பற்ற செயல். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் மூண்ட தீயில் மலையேற்றத்துக்கு வந்தவர்கள் சிக்கினார்கள். 23 உயிர்கள் போயின. அதே ஆண்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன் யானை மே மாதம் கம்பம் நகரத் தெருவுக்குள் வந்ததை இந்த மாவட்டம் மறக்காது. தீக்காலமான மாசி முதல் வைகாசி வரை புல்வெளிச் சரிவுப் பக்கமே போகக் கூடாது. யானைத் தடத்தில் பிள்ளைகளோடு நிற்கக் கூடாது. ஆடிக் காற்றில் பட்ட கிளையுள்ள மரத்தடி ஆகாது. மேலே மழை பெய்தால் கொட்டகுடி ஆற்றில் கால் வைக்கக் கூடாது. இவையெல்லாம் மலைக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல.

நார்வேயின் ஆய்வாளர் எல்லன் சாண்ட்செட்டர் சிறுபிள்ளைகள் தாமாகத் தேடிப் போகும் துணிச்சல் விளையாட்டுகளை ஆறு வகையாகப் பிரித்தார்: உயரம், வேகம், கூரிய கருவி, நெருப்பு-நீர் போன்றவை, மல்லுக்கட்டு, தனியே திரிந்து காணாமல்போதல். பெரியவர் கண்பார்வையில் இவற்றைச் சிறிய அளவில் பழகும் பிள்ளைக்கே பெரிய ஆபத்தை மதிப்பிடத் தெரியவரும் என்பது அவர் வாதம். மலைப்பிள்ளை இதைப் பழக்கத்திலேயே கற்கிறது. செந்தட்டியில் ஒரு முறை கை பட்டால் அடுத்த முறை இலையின் சுணையைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளும். உண்ணிப்பழத்தில் கறுத்தது மட்டும்தான் வாய்க்கு, பச்சைக்காய் ஆகாது என்று அக்கா சொல்லக் கேட்டிருக்கும். அட்டை ஏறினால் அலறாமல் உப்பைத் தேடும்.

ஆனால் பழக்கத்தால் கண்டுகொள்ள முடியாத ஆபத்து ஒன்று இந்த மலையில் இருக்கிறது. அது மருந்து. இலைப்பேனும் தண்டுத்துளைப்பானும் ஏலத்தை விடாமல் தாக்குவதால் பல தோட்டங்களில் மாதத்துக்கு ஒரு முறையாவது குயினால்பாஸ் போன்றவை தெளிக்கப்படுகின்றன. ஏலக்காயில் எச்சம் கூடியதென்று சவுதி அரேபியா சரக்கைத் திருப்பியபோது விலையைப் பற்றிப் பேசினோம். 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் பூச்சிமருந்து எச்சம் என்று கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியபோது பக்தர்களைப் பற்றிப் பேசினோம்; அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தோட்டத்தில் மூச்சுவிடுபவரைப் பற்றிய பேச்சு இரண்டு முறையும் எழவில்லை. சிறு பிள்ளையின் மூக்கு தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது, விரல் ஓயாமல் வாய்க்குப் போகிறது, உடல் எடை குறைவு. பூவை முகத்துக்கு நேரே காட்டும் அதே உயரம்தான் மருந்து படிந்த இலையையும் காட்டுகிறது. ஆகவே ஏலத்தோட்டத்தையே பிள்ளைகளின் காடாக்கலாம் என்ற யோசனையை நான் ஏற்கமாட்டேன். மருந்தில்லாமல் ஏலம் வளர்ப்பவர் தோட்டமாக இருந்தாலொழிய அது வேண்டாம். அதற்கு மாறாகக் கொட்டகுடி ஆற்றங்கரை மரக்கூட்டம், கோயில் தோப்பு, கைவிட்ட பழைய காப்பித் தோட்டம், ஊருக்கும் காட்டுக்கும் இடைப்பட்ட புறம்போக்கு என்று அடிவாரத்தில் இடங்களுக்குக் குறைவில்லை. தாய் தினமும் அந்தத் தெளிப்புக்கு நடுவே வேலை செய்கிறாள் என்பது தனியே எழுத வேண்டிய கட்டுரை.

செய்வது எப்படி? புதிய கட்டடம் வேண்டாம், புதிய திட்டப் பெயரும் வேண்டாம். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் மலையோரச் சிற்றூர்களிலும் இருக்கின்றன. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்துக்கு ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்றே பெயர். 3 முதல் 8 வயது வரையிலானவர்களுக்காக 2022இல் வந்த தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் விளையாட்டையே கல்வியின் வழியாகச் சொல்கிறது. தாளில் எல்லாம் இருக்கிறது. அறைக்கு வெளியே போவதற்கு ஆள்தான் இல்லை. அங்கன்வாடி ஊழியர் எடை பார்க்கிறார், சத்துமாவு கொடுக்கிறார், போஷன் டிராக்கர் செயலியில் பதிவேற்றுகிறார், கணக்கெடுப்புக்கும் ஓடுகிறார். அவரையே காட்டுக்கும் போகச் சொல்வது அநியாயம்.

அந்த ஆள் பக்கத்திலேயே இருக்கிறார். தேனும் கிழங்கும் எடுத்துப் பழகிய பளியர் பெண், ராகிக் காடு செய்த முதுவர் பாட்டி, நாற்பது ஆண்டு ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்து முதுகு வளைந்து ஓய்ந்த அடிவாரத்து அம்மா. எந்தக் குரல் சீகாரப் பூங்குருவி, எந்த உலுக்கல் மலை அணில், எந்தச் சாணம் நேற்றையது, எந்த மேகம் இறங்கினால் திரும்ப வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். குரங்கணித் தீயின்போது மேலே ஓடி உதவியவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான். பத்துப் பிள்ளைகளுக்கு இப்படி இருவர். வாரத்தில் இரண்டு காலை. ஒவ்வொரு முறையும் அதே இடம். இடத்தை மாற்றாமல் இருப்பது முக்கியம். ஒரே மரத்தைத் துளிரிலும் பூவிலும் உதிர்விலும் பார்க்கும் பிள்ளைக்கு மாதங்களின் பெயரைத் தனியே சொல்லித்தர வேண்டாம். சுற்றுலாவாக ஆண்டுக்கொரு முறை பேருந்தில் ஏற்றிப் போய்க் காட்டுவதில் இது கிடைக்காது.

2018இல் கொளுக்குமலைச் சரிவில் நீலக்குறிஞ்சி பூத்தது. அடுத்தது 2030. இன்று மூன்று, நான்கு வயதில் இருக்கும் பிள்ளைகள் அப்போது பள்ளிச் சிறுவர்களாக இருப்பார்கள். வெளியூர்க்காரர் கார்களில் வந்து படம் எடுக்கும்போது, அந்தச் செடி இத்தனை ஆண்டும் பூக்காமல் என்ன செய்துகொண்டிருந்தது என்று சொல்லத் தெரிந்த பிள்ளைகள் போடியில் இருக்க வேண்டாமா?

இதற்கு முதலில் தேவைப்படுவது அந்தப் பெண்களுக்குச் சம்பளம். சேவை என்றோ தன்னார்வம் என்றோ பெயர் வைத்து இலவசமாக வாங்கக் கூடாது. ஏலத்தோட்டத்தில் ஒரு நாள் கூலி என்னவோ, அதற்குக் குறையாமல் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். அடுத்தது வனத்துறையின் ஒப்புதல். காப்புக்காட்டு எல்லையில் எந்த இடம், எந்த மாதங்கள் என்று வனவரும் ஊராட்சியும் பழங்குடிக் குடியிருப்பின் பெரியவர்களும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்தால் போதும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அந்தப் பெரியவர்களுக்கு அந்த இருக்கையில் உட்காரும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. கொட்டகுடி ஊராட்சியில் ஓர் அங்கன்வாடியில், காற்று அடங்கும் புரட்டாசியில் தொடங்கி, மழை கனக்கும் நாள்களை விட்டுவிட்டு, தை முடியும்வரை நடத்திப் பார்க்கலாம். மாசியில் புல் காய்ந்ததும் பிள்ளைகள் ஊர்த் தோப்புக்கு இறங்கிவிட வேண்டும்.